சரக்கறையில் ஒரு கை

அன்னம் உடைந்த மறுநாள் காலை, ஹல்பேரா பட்டாணியை அடுப்பில் ஏற்றிவிட்டுச் சமையலறை மேசையில் மடிக்கணினியைத் திறந்தாள்.

எல்லாரும் அழுது முடித்த வீட்டில் ஏனம் கழுவ ஒருத்தி எழுந்து வருவாள். அவள் வேலை அதுதான்.

அன்னம், கணினிக்குள் விரிந்து கிடக்கும் விண்வெளி விளையாட்டில் ஒரு கப்பல். ஹல்பேராவின் தம்பி கேதிலும், அவனுடைய மீன்பிடிக் கப்பல் ஆட்களும், ஐஸ்லாந்தின் வடகரையில் இருக்கும் அவர்கள் தால்விக் ஊரில் இன்னும் பலரும் சேர்ந்து இரண்டு வருடம் மாலை மாலையாகப் பாறை தோண்டிக் கட்டியது. தங்களை உப்புக் கூட்டம் என்று சொல்லிக்கொண்டார்கள். நேற்று முன்னிரவில் நீர்க்காகங்கள் என்ற எதிரிப் படை, முளைத்ததுபோல அன்னத்தின் மடியிலேயே வந்து இறங்கியது. விளக்கணைத்த மாதிரி எல்லாம் முடிந்தது.

"உள்ளேருந்து யாரோ கூப்பிட்டிருக்கான்" என்று மட்டும் கேதில் தொலைபேசியில் சொன்னான்.

ஹல்பேராவின் மகன் பிர்கிரின் சிறிய கப்பலும் அதோடு போயிற்று. அவன் கீழே வந்து ஒரு குவளை பால் குடித்தான். முகம் கொடுக்காமல் மாடிக்குப் போய்ப் படுத்துவிட்டான். இருபத்தொரு வயது. பள்ளியைப் பாதியில் விட்டவன்; மீன் பதப்படுத்தும் ஆலையில் ஒரு கோடை, பெட்ரோல் பங்கில் ஒரு குளிர்காலம் என்று நின்றவன். இன்று மாலை மாமனின் கப்பலில் முதல் முறையாக முழு ஆளாகக் கடலுக்குப் போகிறான். அந்த இடத்தை வாங்கிக்கொடுக்கக் கேதில் கப்பல் முதலாளியிடம் தன் வாக்கைக் கொடுத்திருந்தான்.

ஹல்பேராவுக்கு இந்த ஒரு நாள் நல்லபடியாகக் கழிந்தால் போதும்.

திரையில் சிதைவுகள் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தன. பிளந்த ஓடுகள், கருகிய இறக்கைகள், நடுவில் மலைபோல அன்னம். அவள் தன் சின்னக் கப்பலை ஒவ்வொன்றின் அருகிலும் கொண்டுபோய் நிறுத்தி, கொக்கிக் கதிரைப் பாய்ச்சி, ஓட்டைப் பிரித்து எடுத்தாள். கப்பலுக்குக் கரித்துணி என்று பெயர் வைத்திருந்தாள். உப்புக் கூட்டத்துப் பையன்கள் அவளைக் காயலாங்கடைக்காரி என்பார்கள். அவளும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்ப்பாள்.

மீன் வெட்டி வெட்டிப் போன வலது மணிக்கட்டில் பட்டை கட்டியிருந்தாள். சாயங்கால வேலை முதியோர் விடுதியின் சலவை அறையில். இன்று விடுப்பு.

அவள் எந்தக் கூட்டத்திலும் இல்லை. சண்டை முடிந்ததும் இரண்டு தரப்பும் விலகி நின்று அவளை வேலை செய்ய விடும். காரணம், ஒரு வழக்கம். உடைந்த கப்பலின் ஓடு வருகிறவருக்குச் சொந்தம். சரக்கறை செத்தவனுக்குச் சொந்தம். ஓட்டை முழுக்கப் பிரித்தாலும் சரக்கு ஒரு பெட்டியாக அங்கேயே மிதக்கும். செத்தவனின் கூட்டத்தைச் சேராதவர் அதில் கை வைத்தால், அந்த வட்டாரத்தில் உள்ள எல்லாருடைய திரையிலும் கை வைத்தவரின் பெயர் சிவப்பாக மாறிவிடும். யார் வேண்டுமானாலும் சுடலாம். சுடுவதைவிடப் பெரிது, எல்லாரும் பார்த்துவிடுவார்கள்.

எட்டு வருடத்தில் ஹல்பேராவின் பெயர் ஒருமுறைகூடச் சிவந்ததில்லை.

தொலைபேசி அடித்தது. கேதில். அவளை ஹல்லா என்றுதான் கூப்பிடுவான்.

"ஹல்லா, உப்புக்கண்டம் ஊறிடுச்சா?"

"நேத்தே ஊறப் போட்டாச்சு. நீ வர்றியா, இல்ல துக்கம் கொண்டாடறியா?"

"நோன்புக்கு முன்னால வயிறு வெடிக்கத் தின்னுற நாளாச்சே. துக்கத்தை நாளைக்கு வச்சுக்கறேன்." சிரிக்க முயன்றான், வரவில்லை. "துறைமுகத்துல நேத்துச் சண்டை முடிஞ்ச கையோட புயல்ல கரண்டு போச்சு. இப்பத்தான் வந்துச்சு. பதினோரு மணிக்கு முன்னால உள்ள வந்துடறேன். பசங்க சரக்கறையை எல்லாம் நானே திறந்து அவனவன் சாமானை அவனவன்கிட்ட குடுக்கணும்."

"நீயேவா? வேற யாரையாவது அனுப்பேன்."

"கூட்டிக்கிட்டுப் போனவன் நான். செத்தவன் பையை நான்தான் பிரிக்கணும். பையன் எப்படி இருக்கான்?"

"தூங்கறான்."

"தூங்கட்டும். ஆறு மணிக்குக் கிளம்பறோம். நேத்து அவன்தான் கடைசி வரைக்கும் நின்னான், தெரியுமா? அன்னத்துப் பக்கத்துலயே. எனக்குப் பெருமையா இருந்துச்சு."

அவள் தொலைபேசியை வைத்தாள். அடுப்பைக் குறைத்தாள். தினமும் பதினோரு மணிக்கு விளையாட்டை நிறுத்திக் கூட்டிப் பெருக்கித் திறப்பார்கள். உலகம் முழுக்க ஆடுகிறவர்கள் ஐஸ்லாந்தின் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்குள் எடுக்காத சிதைவு இல்லாமல் போய்விடும்.

அன்னத்தின் பக்கத்தில் கடைசியாக ஒரு சின்ன ஓடு கிடந்தது. பிர்கிரின் கப்பல்.

மகனுடைய ஓட்டைப் பிரிப்பது அவளுக்கு இது முதல் தடவை இல்லை. முன்பெல்லாம் அவனைக் கூப்பிட்டுக் கேலி செய்வாள். இன்று சத்தமில்லாமல் கொக்கியைப் போட்டாள். ஓடு கரைந்தது. பெட்டி மிதந்தது. பெட்டிக்குள் இருப்பதைப் படிக்கும் கருவி தன் பாட்டுக்குப் பட்டியலைக் காட்டியது: கொஞ்சம் எரிபொருள், இரண்டு குண்டு, எரிந்து முடிந்த அழைப்பு விளக்கு ஒன்று.

அழைப்பு விளக்கை ஏற்றினால், எவ்வளவு தொலைவில் இருக்கும் படையும் அந்த வெளிச்சத்துக்கே வந்து குதிக்கலாம். எரிந்தபின் கூடு மிஞ்சும். செய்தவர்களின் முத்திரை அதில் இருக்கும்.

அந்தக் கூட்டின் மேல் முத்திரையாக நீர்க்காகம் ஒன்று சிறகை விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தது.

ஹல்பேரா கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டாணி பொங்கி அடுப்பில் வழிந்து தீய்ந்த வாடை வந்தது. எழுந்து அடுப்பை அணைத்துவிட்டு வந்து மறுபடி பார்த்தாள். பறவை அங்கேயேதான் இருந்தது.

கடைசி வரைக்கும் நின்றானாம். விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தவன் எங்கே நகர்வான்?

மடையன், எரிந்ததும் வெளியே எறிந்திருக்கக் கூடாதா? அந்த எண்ணம்தான் முதலில் வந்தது. அதற்காக வெட்கப்படவும் அவளுக்கு நேரமில்லை. வட்டாரத்தில் இருப்பவர்களின் பெயர் வரிசையில் புதிதாக ஒன்று சேர்ந்தது. கேதில்.

வட்டாரத்தின் மறுகோடியிலிருந்து வருகிறான். முதலில் யாருடைய பெட்டியைத் திறப்பான்? பெருமையாக இருந்தது என்றானே, அதைத்தான்.

திறந்தால் மாலையில் கப்பலில் இடம் இல்லை. அது மட்டுமா? இந்த ஊரில் யார் வீட்டுக் கதவைத் தட்டினாலும் உள்ளே ஒரு உப்புக் கூட்டத்தான் உட்கார்ந்திருப்பான். ரொட்டிக் கடையில், வங்கியில், நீச்சல் குளத்து வெந்நீர்த் தொட்டியில். கேதில் முதலாளியிடம் கொடுத்த வாக்கு வேறு.

ஹல்பேரா பெட்டியைத் திறந்து விளக்குக் கூட்டை எடுத்துக் கரித்துணியில் போட்டுக்கொண்டாள்.

எடுப்பது இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. திரையின் ஓரத்தில் அவளுடைய பெயர் சிவந்தது.

உடனே தொலைபேசி அடித்தது.

"ஹல்லா, உன் பேரு சிவப்பாத் தெரியுது."

"ம்."

"கை தவறிடுச்சா?"

தவறிவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எட்டு வருடமாகத் தவறாத கை என்று அவனுக்கும் தெரியும்.

"இல்ல."

"சாப்பிட வர்றேன்" என்று சொல்லி வைத்துவிட்டான். அவன் அன்னத்தை நெருங்குமுன் பதினோரு மணி ஆயிற்று. திரை இருண்டது.

பிர்கிர் தூக்கம் கலைந்த முகத்தோடு படியிறங்கி வந்தபோது அவள் தீய்ந்த பாத்திரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, கருகின வாடை?"

"உன் பெட்டியத் திறந்தாச்சு."

அவன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். "யாரு திறந்தா?"

"நான்தான். கேதில் வர்றதுக்கு முன்னால எடுத்துட்டேன். என் பேரு செவந்து போச்சு. ஊரே பார்த்திருக்கும். போதுமா?"

அவன் முகத்தில் நிம்மதி வரும் என்று பார்த்தாள். அவன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"ஏம்மா எடுத்தே?"

"ஏன் எடுத்தேனா? நல்லா கேட்டே போ."

"மாமா பார்க்கணும்னுதானே அதை உள்ள வச்சேன். தூக்கி எறியத் தெரியாதவனா நானு?"

ஹல்பேரா சுரண்டுவதை நிறுத்தினாள்.

"போன நவம்பர்ல ஒரு தடவை கூட்டிட்டுப் போனாரே, பழகிக்கன்னு" என்றான் பிர்கிர். "நல்லா இருந்துச்சுன்னு வந்து சொன்னேன். பொய்யி. மூணு நாளும் படுக்கையில கிடந்து நடுங்கினேன். வாந்தியெல்லாம் பெரிசில்லம்மா, அது போயிடும். அந்தத் தண்ணி... கறுப்பா, வீட்டு உசரத்துக்கு எழும்பி வருது. ராத்திரி கண்ணை மூடினா இன்னும் வருது. என்னால முடியாது."

"வாயத் திறந்து சொன்னா என்ன?"

"யார்கிட்ட? கடலுக்குப் போக மாட்டேன்னு இந்த ஊர்ல எவன் சொல்லியிருக்கான்? மாமா என் தோள்ல கையப் போட்டு எல்லார்கிட்டயும் காட்டறாரு, 'எங்க அக்கா பையன், எங்க அக்கா பையன்'னு. கூட நின்னவனைக் காட்டிக்குடுத்தவனை அவர் கப்பல்ல ஏத்த மாட்டார். அது தெரியும். அவரே வேணாம்னு சொல்லிட்டா..."

"நாப்பது பேரோட ரெண்டு வருஷம்டா."

"தெரியும்."

"அவனுங்க என்ன குடுத்தாங்க உனக்கு?"

"நான் ஒண்ணும் கேக்கலை. சொல்றதைவிட அது சுலபமா இருந்துச்சு."

அவளுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. கத்துவதற்கும் தெம்பு வேண்டும். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"உங்கப்பனும் இப்படித்தான். நேர்ல சொல்ல வாய் வரலை அவனுக்கு. மீன் பண்ணையில ஒரு மாச வேலைன்னு நார்வேக்குப் போனான். அங்கேருந்து போன் பண்ணி, இனிமே வரலைன்னான். அதுவரைக்கும் அவன் சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு மாட்டி வச்சிருந்தேன்."

கேதில் வாசலில் காலணியைக் கழற்றும் சத்தம் கேட்டது. ஆறடிக்கு மேல் ஆள். கம்பளிக் காலுறையில் நடக்கும்போது பூனை மாதிரி வருவான். வந்து வழக்கமான இடத்தில் உட்கார்ந்தான். அவள் உப்புக்கண்டத்தை வைத்து, பட்டாணிச் சூப்பை ஊற்றினாள்.

"அடிப்பிடிச்சிருக்கு" என்றான்.

"ஆமா."

"நல்லாத்தான் இருக்கு."

கேதில் தட்டைப் பார்த்தபடியே சொன்னான்.

"நீர்க்காகத்துத் தலைவன் எனக்கு ஆள் விட்டுக் கேக்கறான், 'உங்க காயலாங்கடைக்காரிக்கு உடம்பு சரியில்லையா?'ன்னு. எதிரி விசாரிக்கறான், ஹல்லா."

"இன்னும் ரெண்டு துண்டு வைக்கட்டுமா?"

"எந்தக் கப்பல்ல எடுத்தே? என்ன எடுத்தே?"

"வேணும்னு தோணுச்சு. எடுத்தேன்."

"வேணும்னா?" கேதில் இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். "அத்தான் போனதுலேருந்து நீ உனக்குன்னு ஒரு சொக்காய் வாங்கி நான் பார்த்ததில்லை. வேணுமாமில்ல!"

அவள் சூப்பைக் கலக்கினாள். கலக்குவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

"அது என்னுது, மாமா" என்றான் பிர்கிர்.

ஹல்பேரா அவனைப் பார்க்கவில்லை. பார்த்தால் நிறுத்திவிடுவான் என்று பயந்தாள்.

"அம்மா எடுத்தது என் பெட்டியிலேருந்து. அழைப்பு விளக்கு. நான்தான் ஏத்தினேன்."

கேதில் முள்கரண்டியைத் தட்டின் ஓரத்தில் சத்தம் வராமல் வைத்தான். அவனுடைய பெரிய கைகள் மேசை மேல் வேலையில்லாமல் கிடந்தன. பிர்கிர் மிச்சத்தையும் சொன்னான்: நவம்பர், படுக்கை, கறுப்புத் தண்ணீர். சொல்லச் சொல்லக் குரல் தேய்ந்து, கடைசியில் உதடு மட்டும் அசைந்தது.

"வேற யாருக்குத் தெரியும்?" என்றான் கேதில்.

"நம்ம மூணு பேருக்குத்தான்."

"சரி. ஆறு மணிக்கு வா."

"மாமா, நான் வரலைன்னுதான்..."

"காது கேக்குது எனக்கு. பயமா இருக்குன்னு நேத்துச் சொல்லியிருந்தா நானே உன்னை பஸ் ஏத்தி விட்டிருப்பேன். எனக்கும் முதல் வருஷம் பயந்தான். அதை விடு, உன்னை நான் தைரியசாலி ஆக்க வரலை." அவன் மூச்சை இழுத்துக்கொண்டான். "என் கப்பல்ல பத்துப் பேரு உப்புக் கூட்டத்தான். இன்னிக்குச் சாப்பாட்டு மேசையில ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பார்ப்பான், நீயா நீயான்னு. அப்படிப் பார்த்துக்கிட்டே வலை இழுக்க முடியாது. ஒருத்தன் கயித்தைப் பிடிக்கறப்போ இன்னொருத்தன் அவனை நம்பணும். அதனால நீ வந்து அவங்க எதிர்ல சொல்லு. இந்த ஒரு தடவை. திரும்பி வந்ததும் இறங்கிக்க. அப்புறம் உன்னைக் கூப்பிட மாட்டேன்."

"ஒரு வாரம் கடல்ல, அவங்க நடுவுலயா?" என்றாள் ஹல்பேரா. "கேதில், அவனுங்க இவனைச் சும்மா விடுவானுங்களா?"

"விட மாட்டானுங்க. அடிக்க மாட்டானுங்க. பேச மாட்டானுங்க. அது அடியைவிட மோசம், தெரியும்."

"கரையிலயே சொல்லட்டுமே. துறைமுகத்துல வச்சு."

"கரையில சொன்னா சொல்லிட்டு ஓடிடலாம். ஓடினவன் சொன்னதை எவன் நம்புவான்? அம்மாவைக் காப்பாத்தச் சொல்றான்னுதான் நினைப்பானுங்க."

அவளுக்கு அது உடனே புரியவில்லை. கேதில் அவளைப் பார்த்த பார்வையில் புரிந்தது.

"அவன் வரலைன்னா நான் வாயத் திறக்க மாட்டேன், ஹல்லா. அவன் சொல்ல வேண்டியதை நான் சொல்லக் கூடாது. ஆனா காலையில செவந்தது உன் பேரு. பசங்க கணக்குப் போட ஆரம்பிச்சாச்சு. ரெண்டு பக்கமும் போய் வர்றவ, எட்டு வருஷமா இல்லாம இன்னிக்கு எதையோ ஒளிச்சிருக்கான்னு."

மிச்சம் இருந்த சூப்பைக் குடித்தான். எழுந்து அவள் தோளைத் தொட்டான். காலணியை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

மத்தியானம் முழுக்க மாடியில் சத்தமே இல்லை. ஹல்பேரா பாத்திரங்களைக் கழுவினாள். துணி மடித்தாள். மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள். மேலே போய் அவனிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று இரண்டு தடவை படிவரை போனாள். போ என்று சொன்னால், தன் பெயரைக் காப்பாற்றப் பிள்ளையைக் கடலில் தள்ளியவள் ஆவாள். போகாதே என்று சொன்னால், அவன் அப்பனை இன்னொரு முறை வளர்த்து விட்டவள் ஆவாள். இரண்டுக்கும் கால் எழவில்லை.

மசங்கும் நேரத்தில் அவன் இறங்கி வந்தான். தோளில் பை.

கடலுக்குப் போனாலும் அந்தப் பைதான். அகுரெய்ரி நகரத்து பஸ்ஸுக்குப் போனாலும் அந்தப் பைதான். அங்கிருந்து எங்கே வேண்டுமானாலும் போய்விடலாம்.

"கையுறை எங்கம்மா?"

வெப்பக் குழாய் மேல் காய்ந்துகொண்டிருந்ததை எடுத்துக் கொடுத்தாள். எதற்கு என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்டால் ஒரு பதில் சொல்வான். அது உண்மையாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

"சாப்பிட்டியா?"

"பசிக்கலை." குனிந்து அவள் கன்னத்தில் முத்தமிட்டான். அவன் உதடு சில்லென்று இருந்தது. "வர்றேம்மா."

கதவு சாத்திக்கொண்டது.

சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரு சரிந்து இறங்குவது தெரியும். அடியில் கூட்டுறவுக் கடை. அதற்கு இடப்பக்கம் பஸ் நிறுத்தம், வலப்பக்கம் துறைமுகம். பனியில் அவன் தலை குனிந்து நடந்துகொண்டிருந்தான்.

மேசையில் கணினி ஒலித்தது. உப்புக் கூட்டத்துப் பையன் ஒருவன், கப்பலில் ஏறிவிட்டவன், எழுதியிருந்தான். பெயர் சொல்லித்தான் கூப்பிட்டிருந்தான். காயலாங்கடைக்காரி என்று கூப்பிடவில்லை.

"ஹல்பேரா, பசங்க எல்லாம் கேக்கறாங்க. நீதானா?"

அவள் ஜன்னலைப் பார்த்தாள். பிர்கிர் கடை வரைக்கும் போய் நின்றிருந்தான். பஸ்ஸின் விளக்கு வளைவில் தெரிந்தது.

வலிக்கும் கையை விசைப்பலகை மேல் வைத்து எழுதினாள்.

"ஆறு மணி வரைக்கும் பொறு."